பதிவேடும் பிறப்பும்: குற்றப் பரம்பரைச் சட்ட வரலாற்றில் காவல் துறையின் ஐயம்

முன்னுரை

காவல் துறையின் பணி பெரும்பாலும் ஐயத்தில் தொடங்குகிறது. ஒரு வீட்டில் களவு நிகழ்ந்தால், யார் வந்தார், யார் போனார், யாரிடம் புதிய பொருள் காணப்படுகிறது என்னும் வினாக்களைக் காவலர் எழுப்பியே ஆகவேண்டும். ஐயமே கூடாது என்று எவரும் கூற இயலாது. அந்த ஐயம் எதன்மேல் எழுகிறது என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. ஒருவர் செய்த செயலின்மேல் எழும் ஐயமும், அவர் பிறந்த குலத்தின்மேலோ அவருடைய தோல் நிறத்தின்மேலோ எழும் ஐயமும் வேறு வேறானவை. முன்னதை ஆதாரம் காட்டி மறுக்கலாம். பின்னதை மறுக்க ஆதாரமே இல்லை. ஏனெனில், தாம் இன்ன குலத்தில் பிறக்கவில்லை என்று எவரும் மெய்ப்பிக்க முடியாது.

இன அடிப்படையில் ஐயுறும் காவல்முறையைப் பற்றிய இன்றைய உரையாடல்கள் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டானிய எடுத்துக்காட்டுகளையே சார்ந்துள்ளன. ஆயினும் அம்முறை வெளிப்படையாகச் சட்டமாகவே எழுதப்பெற்று, எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருந்த நாடு இந்தியா. 1871 முதல் 1952 வரை அங்கு நிலவிய குற்றப் பரம்பரைச் சட்டம் தமிழகத்தின் கள்ளர், மறவர், குறவர் முதலிய சமூகங்களின் வாழ்வை ஆழமாகப் பாதித்தது. அச்சட்டம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு இயங்கியது, நீங்கிய பின்னரும் எவ்வாறு எஞ்சி நின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இறுதியில், இவ்வரலாறு மலேசியத் தமிழாசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் உணர்த்துவது என்ன என்பதையும் சுருக்கமாக நோக்குவோம்.

சட்டத்திற்கு முற்பட்ட நிலை

பிறப்பையும் குற்றத்தையும் இணைக்கும் எண்ணம் 1871இல் திடீரென்று எழுந்ததன்று. வட இந்தியாவில் வழிப்போக்கரைக் கொன்று பொருள் பறித்ததாகக் கூறப்பட்ட தக்கர் கூட்டங்களை ஒடுக்குவதற்காகக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1836இல் ஒரு சட்டம் இயற்றினர். தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று மெய்ப்பிக்கப்பட்டாலே ஆயுள் சிறை விதிக்கலாம் என்பது அதன் சாரம். குறிப்பிட்ட ஒரு கொலையை அவரே செய்தார் என்று காட்டவேண்டிய தேவை இல்லை. எனினும், ஒருவர் அக்கூட்டத்தில் இருந்தார் என்பதை நீதிமன்றத்தில் நிறுவவேண்டும் என்னும் கட்டுப்பாடு அச்சட்டத்தில் எஞ்சியிருந்தது.

சென்னை மாகாணத்தில், வரி தண்டும் அலுவலரும் ஊர்க்காவலரும் குடிகளைச் சித்திரவதை செய்தனர் என்னும் குற்றச்சாட்டை ஆராய்ந்த ஆணையம் 1855இல் அறிக்கை அளித்தது. அதன் விளைவுகளுள் ஒன்றாக 1859இல் சென்னைக்கெனப் புதிய காவல் துறைச் சட்டம் பிறந்தது. 1861இல் இந்தியா முழுமைக்குமான காவல் துறைச் சட்டம் வந்தது. குறைந்த எண்ணிக்கையிலான காவலரைக் கொண்டு மிகப் பரந்த நிலப்பரப்பைக் கண்காணிக்க வேண்டியிருந்த புதிய துறைக்கு ஒவ்வொரு மனிதரையும் தனித்தனியே அறிவது அரிதாக இருந்தது. மக்களை வகைப்படுத்தி அறிவது எளிதாக இருந்தது. குடிமதிப்பும் சாதி விவரத் தொகுப்பும் வளர்ந்துவந்த காலமும் அதுவே. இவ்விரண்டும் சேர்ந்த இடத்திலேதான் குற்றப் பரம்பரை என்னும் கருத்து வேரூன்றியது எனலாம்.

ஒரே கையால் எழுந்த இரு சட்டங்கள்

1869 முதல் 1872 வரை இந்திய ஆட்சிக் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். 1871 அக்டோபரில் நிறைவேறிய குற்றப் பரம்பரைச் சட்டம் அவருடைய பதவிக் காலத்தில் வந்தது. இந்தியாவில் தச்சும் நெசவும் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதைப் போலக் களவும் குலத்தொழிலாக வருகிறது என்பது இச்சட்டத்தை ஆதரித்தோரின் வாதம். சாதியமைப்பைப் பற்றிய ஓர் எளிய புரிதலைக் களவுக்கும் நீட்டித்ததன் விளைவே இவ்வாதம்.

அடுத்த சில மாதங்களில், 1872இல், அதே ஸ்டீபன் வரைந்த இந்தியச் சான்றுச் சட்டம் நிறைவேறியது. குற்ற வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் நற்குணத்தைத் தாமே சான்றாகக் காட்டினாலன்றி, அவர் தீய குணமுடையவர் என்பது தொடர்பற்ற செய்தி என்று அதன் 54ஆம் பிரிவு கூறிற்று. 'இவர் கெட்டவர், ஆகவே இக்குற்றத்தை இவரே செய்திருப்பார்' என்று நீதிமன்றத்தில் வாதிடலாகாது என்பது இதன் பொருள். குற்றப் பரம்பரைச் சட்டமோ, ஒரு குலம் முழுவதையும் தீய குணமுடையது என்று அரசு அறிவிக்கலாம் என்றும், அவ்வறிவிப்பை எந்த நீதிமன்றமும் வினவலாகாது என்றும் விதித்தது. நீதிமன்றத்தின் உள்ளே விலக்கப்பட்ட வாதம், அதன் வெளியே காவல் துறையின் பதிவேட்டில் சட்டமாகவே அமர்ந்தது. இவ்விரு சட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போதுதான் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் தன்மை முழுமையாக விளங்குகிறது. சட்ட அறிவு குறைந்தோர் அதனை இயற்றவில்லை. நியாயமான விசாரணைக்குரிய விதிகளை நன்கறிந்தவர்களே சிலரை அவ்விதிகளுக்கு வெளியே நிறுத்தினர்.

இங்கிலாந்தோடு ஒப்பிடுவதும் பயனுடையது. தொடர்ந்து குற்றம் புரிவோரைப் பற்றிய அச்சம் அங்கும் அக்காலத்தில் மிகுந்திருந்தது. 1869இலும் 1871இலும் அங்கு இயற்றப்பெற்ற சட்டங்கள் தண்டனை பெற்றவர்களின் பதிவேட்டை உருவாக்கி, அவர்களைக் காவல் துறையின் கண்காணிப்பில் வைத்தன. ஆயினும் அங்கே ஒருவர் பதிவேட்டில் இடம்பெற, அவர் ஏதேனும் ஒரு குற்றத்திற்காக முன்னர்த் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தியாவில் அது தேவைப்படவில்லை. அங்கே அளவுகோல் தனிமனிதரின் செயல். இங்கே அளவுகோல் குலம்.

பதிவேடு இயங்கிய முறை

1871ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் பஞ்சாப், அயோத்தி, வடமேற்கு மாகாணங்கள் ஆகியவற்றுக்கே பொருந்தியது. பின்னர் வங்காளத்திற்கு விரிவாக்கப்பட்டது. 1911ஆம் ஆண்டின் புதிய சட்டமே சென்னை மாகாணம் உள்ளிட்ட பிரிட்டிஷ் இந்தியா முழுவதையும் தழுவியது. 1924இல் எல்லாத் திருத்தங்களும் ஒன்றிணைக்கப்பட்டன.

ஒரு குலமோ கூட்டமோ பிணையில் விட இயலாத குற்றங்களைத் தொடர்ந்து செய்துவருகிறது என்று அரசு கருதினால், அதனைக் குற்றப் பரம்பரை என அறிவிக்கலாம். அதன்பின் அதன் உறுப்பினர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறும். பதியப்பெற்றவர் குறித்த நேரத்தில் காவலர்முன் தோன்றித் தம் இருப்பைக் காட்டவேண்டும். இருப்பிடத்தை மாற்றினால் அறிவிக்கவேண்டும். எல்லை கடந்து செல்லச் சீட்டுப் பெறவேண்டும். இவற்றை மீறினால் சிறையோ பிற தண்டனையோ உண்டு. ஊர்த்தலைவரும் நிலவுடைமையாளரும் இவர்களுடைய நடமாட்டத்தைக் காவல் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டனர். 1897ஆம் ஆண்டுத் திருத்தம், 4 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்கவும் வழிசெய்தது.

1911ஆம் ஆண்டுச் சட்டம் கைரேகையைச் சேர்த்தது. கைரேகைகளை வகைப்படுத்திக் கோப்பிடும் முறையை வங்காளக் காவல் துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியும், அவர்கீழ்ப் பணியாற்றிய அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இந்திய அலுவலர் இருவரும் உருவாக்கினர். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. குற்ற நிகழிடத்தில் கிடைக்கும் தடயத்தைக் கொண்டு ஒரு தனிமனிதரை மற்றெல்லாரிலிருந்தும் பிரித்தறிய உதவுவது கைரேகை. அவ்வகையில் அது நிரபராதியைக் காக்கும் கருவியுமாகும். எந்தக் குற்றமும் செய்யாத ஓர் ஊரார் அனைவரின் ரேகையையும் முன்கூட்டியே பதிவு செய்தபோது அக்கருவியின் பயன் தலைகீழாக மாறிற்று. மதுரை வட்டார மக்கள் இச்சட்டத்தை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். வெளியூர் செல்லப் பெறவேண்டிய சீட்டை 'ராதாரிச் சீட்டு' என்றனர். சட்டத்தின் ஆங்கிலப் பெயரை அறியாத மக்கள், அது தம் உடலின்மேலும் காலடியின்மேலும் செய்ததைக் கொண்டே அதற்குப் பெயரிட்டனர் என்பது நோக்கத்தக்கது.

சென்னை மாகாணத்தில் கள்ளரும் காவலும்

மதுரைக்கு மேற்கே வாழ்ந்த பிரமலைக் கள்ளர் பலர் 'காவல்' என்னும் மரபுமுறையில் ஊர்களைப் பாதுகாத்து, அதற்கு ஈடாக விளைச்சலில் ஒரு பங்கைப் பெற்றுவந்தனர். களவு நிகழ்ந்தால் காவற்காரர் பொருளை மீட்டுத் தரவேண்டும். இயலாவிடின் ஈடு கட்டவேண்டும். புதிய காவல் துறை நிலைபெற்றபோது இம்முறை அரசின் கண்ணில் சட்டத்திற்குப் புறம்பான போட்டி அதிகாரமாகத் தோன்றிற்று. காவற்கூலி கொடுக்க மறுத்த ஊர்களில் களவு நிகழ்ந்தமையால், அதனை மிரட்டிப் பணம் பறித்தல் என்றே அலுவலர்கள் பதிவு செய்தனர்.

இவ்விடத்தில் ஒரு பக்கச் சார்பின்றி எழுதுவது ஆய்வாளரின் கடமை. காவல்முறையால் துன்புற்ற குடியானவர்கள் இருந்தனர். 1896ஆம் ஆண்டளவில் மதுரை மாவட்டத்தின் திண்டுக்கல் பகுதியில் பிற சமூகத்தார் ஒன்றுதிரண்டு கள்ளர் காவலை எதிர்த்த இயக்கம் இதற்குச் சான்று. களவும் நிகழ்ந்தது, அதனால் இழப்புற்றோரும் இருந்தனர். இவற்றை மறைத்துவிட்டு ஒரு சமூகத்தைக் களங்கமற்றதாகக் காட்டுவது வரலாறாகாது. ஆயினும், களவு செய்தவரைக் கண்டறிந்து தண்டிக்கும் பொறுப்பு அரசுக்கு இருந்தது என்பதிலிருந்து, கள்ளர் வீட்டில் பிறந்த ஒவ்வோர் ஆண்மகனின் பெயரையும் பதிவேட்டில் ஏற்றும் உரிமை பிறப்பதில்லை. முதலாவது காவல் துறையின் கடமை. இரண்டாவது, அக்கடமையைச் செய்யும் கடினத்தைத் தவிர்க்க எடுத்த குறுக்குவழி.

மதுரைக்கு அருகிலுள்ள கீழக்குயில்குடிக் கள்ளர்மீது 1914இல் இச்சட்டம் ஏவப்பட்டது. 1918இல் பிரமலைக் கள்ளர் அனைவர்க்கும் அது விரிந்தது. அதற்கு முன்பே, 1892இல் வெளிவந்த முல்லாலியின் நூல், சென்னை மாகாணத்தின் 'குற்ற வகுப்பினர்' யார் யார் என்று காவல் அலுவலர்களுக்குப் பட்டியலிட்டுக் காட்டியிருந்தது. இனவரைவியல் ஆய்வும் காவல் துறைக் கையேடும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டி வளர்ந்தமையை இக்கால நூல்களில் காண்கிறோம். பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் நாம் இச்செய்தியை எளிதாகக் கடந்து செல்லலாகாது.

பெருங்காமநல்லூர்

இச்சட்டத்திற்கு எதிராக எழுந்த நேரடி எதிர்ப்புகளுள் குறிப்பிடத்தக்கது உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூரில் நிகழ்ந்தது. அவ்வூரார் ரேகை வைக்க மறுத்தனர். தாம் உழுது வாழ்பவர் என்றும், தம்மேல் குற்றம் ஏதும் இல்லை என்றும் அவர்கள் முறையிட்டனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் ஆயுதக் காவலர் ஊருக்குள் வந்தபோது ஏற்பட்ட மோதலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்னும் பெண்மணி உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலர் கைது செய்யப்பட்டனர். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு ஓராண்டு நிறைவதற்குச் சில நாட்களே இருந்த நேரம் அது. பஞ்சாப் நிகழ்வு தேசிய வரலாற்று நூல்களில் இடம்பெற்றது. பெருங்காமநல்லூர் நெடுங்காலம் வட்டார நினைவாகவே நின்றுவிட்டது.

இவ்வெதிர்ப்பின் உட்பொருளைக் கருதவேண்டும். ஊரார் சட்டத்தையே வேண்டாமென்று கூறவில்லை. தம்முள் குற்றம் செய்தவர் இருப்பின் அவரை விசாரிக்கலாம், செய்யாதவரைப் பதியலாகாது என்பதே அவர்களுடைய நிலைப்பாட்டின் சாரம். தனிமனிதரைத் தனிமனிதராகக் காணவேண்டும் என்னும் கொள்கையை, அதனை உலகுக்குக் கற்பிப்பதாகக் கூறிக்கொண்ட ஆட்சியிடம், எழுத்தறிவு பெறாத உழவர்கள் வேண்டி நின்றனர்.

குறவரும் உப்பும்

குறவர் அல்லது எருகுலர் எனப்பட்ட சமூகத்தாரின் வரலாறு மற்றொரு கோணத்தைக் காட்டுகிறது. கடற்கரையிலிருந்து உப்பைக் கழுதைகள்மேலும் மாடுகள்மேலும் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டுசென்று, தானியத்திற்கு மாற்றி வாழ்ந்தவர் இவருள் பலர். அரசின் உப்பு ஏகபோகமும், 1850களுக்குப் பின் விரிந்த இருப்புப்பாதையும் இவர்களுடைய வாணிகத்தைச் சிதைத்தன. 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சமும், 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டமும் எஞ்சிய வாழ்வழிகளைச் சுருக்கின. ஊர் ஊராகச் செல்வதே தொழிலாக இருந்தவர்கள், தொழில் அழிந்தபின் 'காரணமின்றி அலைபவர்' ஆயினர். அலைவதே ஐயத்திற்குக் காரணமாயிற்று.

மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியிட்ட ஆய்வு நூல் இம்மாற்றத்தைச் சென்னை ஆவணங்களைக் கொண்டு விரிவாகக் காட்டியுள்ளது. குற்றப் பரம்பரையினர்க்கான குடியிருப்புகளை நடத்தும் பொறுப்பு சேல்வேஷன் ஆர்மி போன்ற சமய அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்றைய ஆந்திரத்தில் உள்ள ஸ்டூவர்ட்டுபுரம் அவற்றுள் ஒன்று. அங்கு வைக்கப்பட்டோர் அருகிலிருந்த புகையிலைத் தொழிற்சாலைக்குத் தொழிலாளர் ஆக்கப்பட்டனர். சீர்திருத்தம் என்னும் பெயரும் மலிவான உழைப்பின் தேவையும் ஒரே வேலிக்குள் அடங்கின.

தன்னைத் தானே மெய்ப்பிக்கும் எண்ணிக்கை

இச்சட்டத்தை ஆதரித்தோர் இறுதிவரை எண்ணிக்கையையே சான்றாகக் காட்டினர். பதியப்பெற்ற சமூகத்தாருள் இத்தனை பேர் சிறை சென்றனர். ஆகவே சட்டம் சரியானது என்பது அவர்களுடைய வாதம். இவ்வெண்ணிக்கை எவ்வாறு தோன்றியது என்பதை ஆராய்ந்தால் அதனுள் ஒரு வட்டம் இருப்பது தெரியவரும்.

இரவு அழைப்புக்கு வராமை ஒரு குற்றம். சீட்டின்றி அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போவது ஒரு குற்றம். இவை பதியப்பெற்றவர்க்கு மட்டுமே குற்றங்கள். அடுத்த தெருவில் வாழ்பவர்க்கு அல்ல. இவற்றுக்காகத் தண்டிக்கப்பட்டோரும் தண்டனை பெற்றோர் கணக்கில் சேர்ந்தனர். மேலும், ஓரிடத்தில் களவு நிகழ்ந்தால் காவலர் முதலில் பதிவேட்டைத் திறந்தனர். தேடுமிடத்தில்தான் எதுவும் அகப்படும். தேடாத இடத்துக் குற்றவாளி கணக்கில் வரமாட்டான். முன்னர்த் தண்டனை பெற்றவர் மீண்டும் சில குற்றங்களில் சிக்கினால் மிகக் கடுமையான தண்டனை பெறவேண்டும் என்றும் சட்டம் விதித்தது. பதிவு ஐயத்தையும், ஐயம் கைதையும், கைது எண்ணிக்கையையும் பெருக்கின. அவ்வெண்ணிக்கையைக் காட்டி அடுத்த தலைமுறையும் பதியப்பட்டது. அச்சமூகத்தார் எத்தனை குற்றங்கள் புரிந்தனர் என்பதைவிடக் காவல் துறை எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்பதையே அவ்வெண்கள் தெளிவாகக் காட்டின.

எதிர்ப்பும் நீக்கமும்

மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப், கள்ளர்களுக்காக நீதிமன்றங்களில் வாதாடினார். அம்மக்கள் அவரை அன்போடு 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தனர். கேரளத்திலிருந்து வந்த கிறித்தவர் ஒருவர் இம்மக்களின் வழக்கைத் தம் வழக்காகக் கொண்டமை நினைவிற்கொள்ளத்தக்கது. 1929இல் மறவர்மீதும் சட்டம் ஏவப்பட்டபோது முத்துராமலிங்கத் தேவர் எதிர்ப்பியக்கத்தை முன்னெடுத்தார். 1934இல் அபிராமத்தில் மாநாடு கூடிற்று. அதே காலத்தில் அரசு கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின்கீழ்ப் பள்ளிகளையும் திறந்தது. கண்காணிக்கத் தொடங்கிய அதே துறை கல்வியும் அளித்தது என்னும் முரண் அச்சமூகத்தாரின் நினைவுகளில் இன்றும் இரு வகையாகப் பதிந்துள்ளது.

சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீக்கப்பட்டது. நடுவணரசு 1949இல் அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் அமைத்த குழு சட்டத்தை அறவே நீக்கப் பரிந்துரைத்தது. 1952 ஆகஸ்ட் 31ஆம் நாள் இந்தியா முழுவதும் அது நீங்கிற்று. குற்றப் பரம்பரையினர் 'சீர்மரபினர்' ஆயினர்.

எஞ்சியவை

ஒரு சட்டம் நீங்குவதும் அச்சட்டம் வளர்த்த வழக்கம் நீங்குவதும் ஒன்றல்ல. சென்னையில் 1948இலேயே வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிற மாநிலங்களிலும் அத்தகைய சட்டங்கள் இயற்றப்பட்டன. குலத்தின் இடத்தைத் தனிமனிதர் பெற்றார் என்பது எழுத்தளவில் பெரிய முன்னேற்றமே. ஆயினும் காவல் நிலையத்தில் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பழகிய கைகள் புதிய பதிவேட்டிலும் பெரும்பாலும் அதே பெயர்களை எழுதின. ஐக்கிய நாடுகள் அவையின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2007இல் இத்தகைய சட்டங்களை நீக்குமாறு இந்தியாவைக் கேட்டுக்கொண்டது.

1993இல் கடலூர் மாவட்டப் பகுதியில் களவு ஐயத்தின்பேரில் பிடித்துச் செல்லப்பட்ட குறவர் ஒருவர் காவலில் இறந்தார். அவ்வழக்கில் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் காவலர்க்குத் தண்டனை வழங்கியது. 2021இல் வெளிவந்த 'ஜெய் பீம்' திரைப்படம் இந்நிகழ்வைத் தழுவியது. அப்படத்தைக் கண்டு கலங்கியவர் பலர். அந்த ஐயத்தின் பின்னே ஒன்றரை நூற்றாண்டுப் பதிவேடு இருப்பதை அறிந்தவர் சிலரே.

2024 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம், காவல் நிலையங்களில் பேணப்படும் குற்ற வரலாற்றுத் தாள்களில் பின்தங்கிய சமூகங்களைச் சேர்ந்த குற்றமற்றோரின் பெயர்களை இயந்திரகதியில் சேர்க்கலாகாது என்று எச்சரித்தது. அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் வழங்கிய மற்றொரு தீர்ப்பில், சிறைகளில் சாதி அடிப்படையில் வேலை பிரிப்பதை அரசமைப்புக்கு முரணானது என்று அறிவித்து, கைதிகள் பதிவேட்டிலிருந்து சாதி நிரலை நீக்குமாறு ஆணையிட்டது. 1871இல் பதிவேட்டில் வரையப்பட்ட ஒரு கட்டத்தை அழிக்கும் ஆணை 2024இல்தான் வந்தது.

மொழியிலும் அத்தடம் உண்டு. தமிழில் நாம் எளிதாக வழங்கும் 'கேடி' என்னும் சொல், அறியப்பட்ட கொள்ளையன் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளாகிய கே, டி என்பவற்றிலிருந்து, காவல் நிலையப் பட்டியல் வழியாக மக்கள் வழக்கிற்கு வந்தது என்பர். குறும்பு செய்யும் மாணவனை 'கேடிப் பயல்' என்று சிரித்துக்கொண்டே கூறும்போது, ஒரு காவல் பதிவேட்டின் தலைப்பையே நாம் உச்சரிக்கிறோம்.

இலண்டனில் ஓர் ஒப்புமை

குலத்தின் பெயரைச் சட்டத்தில் எழுதாமலே இதே விளைவை உண்டாக்கலாம் என்பதற்கு இங்கிலாந்து சான்று. 1824ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டத்தின் 4ஆம் பிரிவு, குற்றம் செய்யும் எண்ணத்தோடு பொதுவிடத்தில் திரியும் 'ஐயத்திற்குரியவரை'க் கைது செய்ய இடமளித்தது. சட்டத்தில் நிறமோ இனமோ குறிக்கப்படவில்லை. 1970களில் அது கருப்பின இளைஞர்மீதே மிகுதியாகப் பயன்பட்டது. 1981 ஏப்ரலில் இலண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் நடத்தப்பட்ட ஒரு காவல் நடவடிக்கையில் சில நாட்களுக்குள் 943 பேர் தடுத்து நிறுத்தப்பட்டனர். கைதானவர் 118 பேர். தடுத்து நிறுத்தப்பட்டோருள் பாதிக்கு மேற்பட்டோர் கருப்பினத்தவர். அதனையடுத்துப் பெருங்கலவரம் மூண்டது. அதே ஆண்டு ஸ்கார்மன் பிரபு அறிக்கை அளித்தார்; ஐயத்திற்குரியவர் பற்றிய அப்பிரிவும் நீக்கப்பட்டது. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழமைந்த நடைமுறை விதிகள், ஒருவருடைய நிறம் மட்டுமே நியாயமான ஐயத்திற்கு அடிப்படையாகாது என்று எழுதின. எனினும், 1993இல் கொலையுண்ட ஸ்டீபன் லாரன்ஸ் என்னும் இளைஞர் வழக்கை ஆராய்ந்த மெக்பர்சன் அறிக்கை, நிறுவனத்தில் ஊறிய இனவாதம் இலண்டன் காவல் துறையில் நிலவுகிறது என்று 1999இல் கூறவேண்டியிருந்தது.

அந்த 943 பேருள் எட்டில் ஏழு பங்கினர் கைது செய்யப்படவே இல்லை. தெருவில் நிறுத்திச் சோதிக்கப்பட்ட அவர்கள் காவல் துறையைப் பற்றிக் கொண்ட எண்ணம் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறவில்லை. சாட்சி சொல்லவும் தகவல் தரவும் மக்கள் முன்வந்தால்தான் துப்புத் துலங்கும். தம்மைப் பிறப்பால் ஐயுறும் துறையிடம் எவரும் மனமுவந்து செல்வதில்லை. ஆகவே நியாயமான காவல்முறை, குற்றத்தைத் தடுப்பதற்கும் தேவையான கருவியே.

நம் நாட்டு வகுப்பறைக்கு

குற்றப் பரம்பரைச் சட்டம் மலாயாவிற்கு வரவில்லை. ஸ்டீபனின் மற்றொரு சட்டம் வந்தது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம் இந்தியச் சான்றுச் சட்டத்தை அடியொற்றியது. தீய குணம் தொடர்பற்றது என்னும் விதி இங்கும் அதே 54ஆம் பிரிவிலேயே உள்ளது. நம் நாடு பெற்ற மரபுரிமை அதுவே.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, உறுப்பினர்களின் எண்ணிக்கை இனவாரியாகவும் தரப்பட்டது. மக்கள் தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரான இந்தியர் அப்பட்டியலில் பெரும்பான்மையினராக இருந்தனர். இச்செய்தியை எதிர்கொள்ள நேர்மையான வழி எது? குண்டர் கும்பல்கள் இல்லை என்று கூறுவது பொய்யாகும். அவற்றால் பெரிதும் துன்புறுவோரும் நம் மக்களே. அதே வேளையில், பெயர்கள் அப்பட்டியலில் எவ்வாறு ஏறின, எங்கே தேடப்பட்டது என்னும் வினாக்களை மேலே கண்ட வரலாறு எழுப்புகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடும் வேலையும் பள்ளியும் ஒருங்கே இழந்து நகர்ப்புற ஓரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் வரலாற்றை ஒதுக்கிவிட்டு இன எண்ணிக்கையை மட்டும் காட்டினால், உப்பு வாணிகம் அழிந்ததைச் சொல்லாமல் குறவரை அலைபவர் என்று எழுதிய கையேட்டைப் போலாகிவிடும். இரண்டும் ஒரே நிகழ்வு என்று நாம் கூறவில்லை. இங்கே எந்த இனமும் சட்டத்தால் குற்றப் பரம்பரையாக அறிவிக்கப்படவில்லை. காரணத்தை நீக்கிவிட்டுப் பிறப்பை மட்டும் எஞ்சவிடும் சிந்தனை முறையே இரண்டிற்கும் பொது.

காவல் துறையைச் செம்மைப்படுத்த அமைக்கப்பட்ட அரச ஆணையம் 2005இல் 125 பரிந்துரைகளை வழங்கியது. முறைகேடுகளை விசாரிக்கத் தன்னுரிமை பெற்ற ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது. நெடிய விவாதத்திற்குப் பின் 2022இல் இயற்றப்பெற்ற சட்டத்தின்கீழ் அமைந்த ஆணையம் 2023 ஜூலையில் செயற்படத் தொடங்கியது. பரிந்துரைத்த அளவிற்கு அதற்கு அதிகாரம் இல்லை என்னும் திறனாய்வும் உண்டு. இதனைப் பற்றிய தீர்ப்பைச் சட்ட அறிஞர்க்கு விட்டுவிடலாம். தமிழாசிரியர் கையிலும் ஒரு பதிவேடு இருப்பதை மட்டும் ஈண்டுச் சுட்ட விரும்புகிறோம். எந்த மாணவன் எந்தக் குடியிருப்பிலிருந்து வருகிறான், அவன் அண்ணன் எவ்வாறு இருந்தான் என்று ஆசிரியர் அறையில் பேசப்படுவது அடுத்த ஆண்டு ஆசிரியருக்கும் சென்று சேர்கிறது. பிள்ளை வகுப்பிற்கு வருமுன்பே அவனைப் பற்றிய குறிப்பு வந்துவிடுகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, பிறப்பை அடிப்படையாகக் கொண்ட ஐயம் நியாய விதிகளை அறியாமையால் எழுந்ததன்று. அவ்விதிகளிலிருந்து சிலரை விலக்கியதால் எழுந்தது. இரண்டு, அவ்வாறு ஐயுற்றுத் திரட்டிய எண்ணிக்கை அந்த ஐயத்திற்கே சான்றாகக் காட்டப்பட்டது. மூன்று, சட்டம் நீங்கினாலும் பதிவேடும் சொல்லும் பழக்கமும் பல தலைமுறை நீடிக்கின்றன.

காவல் அலுவலர் ஒருவர் ஐயுறும்போது, 'இவர் என்ன செய்தார்?' என்னும் வினாவிற்கு விடை கூற முடியவேண்டும். அவ்விடை இல்லாதபோது, இவர் யார் பிள்ளை என்பது விடையாகாது. பெருங்காமநல்லூர் மக்கள் 1920இல் வேண்டியது அவ்வளவே. இவ்வரலாற்றைத் தமிழ்நாட்டுச் சமூகங்கள் சிலவற்றின் தனிக்கதையாகக் கருதாமல், சட்டத்தின்முன் சமன்மை என்னும் கருத்தின் வரலாற்றில் ஒரு பகுதியாகக் கற்பிப்பது நம் துறையினரின் கடமையாகும்.